எங்கள் வீட்டுச் சுவரின் வெள்ளக்கோடு

அனுப்புநர்
வ. சரண்யாதேவி, எம்.எஸ்சி. (புள்ளியியல்),
த/பெ. வன்னியபெருமாள்,
ஆற்றடித் தெரு, கீழ ஆற்றடியூர்,
கொற்கை வழி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
வெள்ளக்கரை வடிவமைப்புப் பிரிவு,
தூத்துக்குடி.

பொருள்: 2023 டிசம்பர் வெள்ளத்தின் உச்ச அளவை மறுபடி கணிக்கவும், அதற்காக எங்கள் வீட்டுச் சுவரிலுள்ள கோட்டை நேரில் பார்வையிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு அனுப்பிய மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெரு தாமிரபரணியின் வடகரையில் உள்ளது. அந்த வெள்ளத்தில் இப்பகுதியின் நீர்மட்டக் கருவி ஆற்றோடு போய்விட்டது. ஆகவே உச்சத்தில் எவ்வளவு நீர் ஓடியது என்பதை யாரும் அளக்கவில்லை. வெள்ளம் சுவர்களில் விட்டுச்சென்ற சேற்றுக்கோடுகளைக் கொண்டு பின்னர் கணிப்பதே முறை. முறையில் எனக்குக் குறை இல்லை.

2. தங்கள் அலுவலர்கள் அந்தக் கோடுகளை அளக்கத் தை மாதக் கடைசியில் வந்தார்கள். அதற்குள் பொங்கல் வந்து போயிருந்தது. சேறு நாறும் வீட்டில் பால் பொங்கவைக்க யாருக்கு மனம் வரும். தெரு முழுக்க வெள்ளையடித்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பேச்சித்தாய் மதினி வெள்ளைச் சுவரில் கைவைத்து, "இங்கன வரைக்கும் நின்னுச்சு சார்" என்றார். அவர் கணவர் வேல்ராஜ் அண்ணாச்சி அந்தக் கையை ஒரு சாண் மேலே தள்ளி, "ஏளா, நீ அப்ப மாடியில அழுதுக்கிட்டுல்லா கெடந்த" என்றார். அலுவலர் சிரித்தார். அளவுநாடாவைச் சுருட்டினார். கைகாட்டியதை எழுத முடியாது.

3. கோடு அழியாத வீடு எங்களுடையது மட்டும். துக்க வீட்டில் பொங்கல் இல்லை. வெள்ளையடிப்பும் இல்லை. என் அண்ணன் லிங்கராஜ் அந்தக் கோட்டுக்குக் கீழே இறந்தார். வெளிப்பக்கமாகத் திறக்கும் பின்கதவு. வெளியே தண்ணீர். திறக்கவில்லை.

4. அலுவலர் எங்கள் கோட்டை அளந்தார். "ஒத்தைக் கோட்ட வச்சு ஒண்ணும் செய்ய முடியாதும்மா. பக்கத்துல இன்னொண்ணு இருந்தாச் சொல்லுங்க" என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, மற்றவற்றோடு பொருந்தாத "விலகிய மதிப்பு" என எங்கள் கோடு நீக்கப்பட்டதாகத் தெரிந்தது. மற்றவை என்பவை, ஆற்றின் போக்கில் வெகு தூரம் கீழே, வெள்ளம் வயல்களில் பரந்து தணிந்த இடத்தில், நெல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் சுவரில் கிடைத்த தாழ்ந்த கோடுகள். விலகிய மதிப்பை எப்போது நீக்கலாம் என்று நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண்.

5. அந்தத் தாழ்ந்த கோடுகளிலிருந்து அவ்வாண்டின் உச்ச வெள்ளம் கணிக்கப்பட்டது. ஆண்டு உச்சங்களின் வரிசையில் அந்த எண் சேர்ந்தது. வரிசையிலிருந்து, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம். அதிலிருந்து கரையின் உயரம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் இப்போது எழும்பும் கரையின் உச்சி எங்கள் கோட்டைவிட இரண்டரை அடி தாழ்வு.

நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இனி நூறு ஆண்டுக்குப் பயமில்லை என்று தெருவில் நினைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு, அடுத்த ஆண்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். கரைதான் கட்டுகிறார்களே என்கிறார்கள்.

6. சென்ற பொங்கலுக்கு வெள்ளையடிக்க நான் விடவில்லை. அலுவலகத்திலிருந்து பார்க்க வருவார்கள் என்றேன். இந்த ஆண்டு அம்மா கேட்டார்: "ஏளா, அவன இன்னும் எத்தன பொங்கலுக்குச் செவுத்துல வச்சிருக்கப் போற?"

7. கரை வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு மனுவுக்காக அதை உயர்த்த மாட்டார்கள் என்று அறிவேன். ஆயினும், தை பிறக்குமுன் ஒருவர் வந்து கோட்டை மறுபடி அளந்து, வரிசையில் அவ்வாண்டின் எண்ணைத் திருத்த வேண்டுகிறேன். இந்தக் கரைக்கு உதவாவிட்டாலும் பின்னால் கணிப்பவருக்கு உதவும்.

இயலாதெனில், வர இயலாது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, நானே சுண்ணாம்பு கரைத்துக்கொள்கிறேன்.

இணைப்பு: அளவுநாடாவுடன் சுவரின் புகைப்படம்.

இடம்: கீழ ஆற்றடியூர்
நாள்: 15.12.2025

பணிவுடன்,
வ. சரண்யாதேவி