ஒன்பது கடையும் ஒரே தோசைக்கல்லும்

என் மக்கா,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று திருவனந்தபுரத்தில் சுகாதார அதிகாரி என்று பொய் சொல்லி ஓட்டல் அடுக்களைகளுக்குள் புகுந்தேன். என் தொந்தியைப் பார்த்து எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

கோதுமை துளி பட்டாலும் உன் குடல் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு, கிறிஸ்துமஸுக்கு நீ பாறசாலைக்கு வரும்போது வெளியே போய்ச் சாப்பிட ஒரு கடையாவது வேண்டுமே என்றுதான் அலைந்தேன்.

“சுத்த அரிசி தோசையாக்கும் சாறே,” என்றார் முதல் கடை மாஸ்டர்.

“புரோட்டா எந்தக் கல்லுல போடுவீரு?”

“இதே கல்லுலதான். தொடச்சுட்டுதானே ஊத்துதோம்!”

ஒன்பது கடையிலும் இதே பதில். ஒன்பதாவது கடையில் அதிகாரிக்கு மரியாதையாக இரண்டு புரோட்டா வைத்தார்கள். வெட்கமில்லாமல் தின்றேன். பாதியில் உன் ஞாபகம் வந்தது. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

போன தடவை நீ இங்கே நான்கு நாள் வலியில் சுருண்டு கிடந்ததற்கு ரயிலில் தின்றதைத்தான் குற்றம் சொன்னோம். அதனால் உன் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்க சாம்பாரு போதும் பிள்ளைக்கு.”

இன்று அவள் சாம்பாரில் போடும் பெருங்காயப்பொடி டப்பாவைத் திருப்பிப் படித்தேன். கோதுமை மாவு கலந்தது என்று எழுதியிருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அப்பா