தள்ளாடாத கால்

பலாபத்வல,
மே 19.

அன்பு மகன் பிரியந்தனுக்கு,

கொரியாவில் நீ சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். தங்கச்சி ஷெரோமி இதைப் படம் எடுத்து அனுப்புவாள்.

இங்கே மழை விட்டபாடில்லை, மிளகு காயவில்லை. அது கிடக்கட்டும்.

ஞாயிறு நீ பேசியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பனி விருந்தில் எல்லாரும் குடித்துச் சரிந்தார்களாம், நீ மட்டும் ஆடாமல் நின்றாயாம். என்ன பெருமையடா உனக்கு! உன் அப்பாவும் அப்படித்தான் நின்றார். திருவிழாவில் அந்தோனியார் சொரூபத்தைத் தோளில் தூக்கும்போது, "பஸ்தியாம்பிள்ளைக்குத்தான் எவ்வளவு குடிச்சாலும் கால் தள்ளாடாது, அவரே முன்னுக்குப் பிடிக்கட்டும்" என்பார்கள். ஈரல் கெட்டு நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார்.

ஷெரோமி கெம்பஸில் படித்ததைச் சொன்னாள். மூளையில் செரடோனின் என்று ஒன்று உண்டாம். அது வந்து ஒட்டும் ஏற்பிகளில் ஒரு வகை இல்லாத எலிகளுக்குச் சாராயம் கொடுத்துப் பார்த்தார்களாம். அவை அவ்வளவாகத் தள்ளாடவில்லையாம், மற்ற எலிகளைவிடக் கூடுதலாகவும் குடித்தனவாம். பிறகு அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அப்படியே வரவில்லை, மனிதருக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்ல ஏலாது என்கிறாள். ஆனால் குடித்தும் ஏறாத ஆட்கள்தான் பின்னாளில் குடியில் மாட்டுவது அதிகமாம், அது பரம்பரையாகவும் வருமாம். "போதும்னு உடம்பு சொல்றது அவங்களுக்குக் கேக்காதும்மா, ஈரல் மட்டும் கெட்டுக்கிட்டே இருக்கும்" என்றாள்.

பிழை என்னுடையது மகன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மாமாமார் உனக்கு ஊற்றினார்களே, அப்போது தடுத்தேனா? "அப்பாவோட ரத்தம், அவனுக்கு ஏறாது" என்று அழுதுகொண்டே பெருமை பேசினேன். அந்த வாயை என்ன செய்ய!

நேற்று ஜீவராஜ் மாமா வந்தார். ஜூன் திருவிழாவுக்கு நீ லீவில் வந்தால், சொரூபத்துக்கு முன்னுக்குப் பிடிக்கும் அப்பாவின் இடத்தை உனக்கே தருவார்களாம். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். தேத்தண்ணீர் குடிக்காமலே கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

பிள்ளை தடுக்கி விழக் கூடாது என்றுதான் எந்தத் தாயும் மன்றாடுவாள். நான் செவ்வாய்தோறும் மெழுகுதிரி ஏற்றி, முதல் கிளாஸிலேயே உனக்குத் தலை சுற்ற வேண்டும், நீ விழ வேண்டும் என்று கேட்கிறேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர்தானே அந்தோனியார். உனக்கு அந்தத் தள்ளாட்டத்தை அவர் தேடித் தரும்வரை கிளாஸைத் தொடாதே, ராசா.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்,
அம்மா மதலேனா