அணில் பிழைத்துக்கொண்டது, நீ அங்கேயே இரு

நெய்வேலி குவார்ட்டர்ஸ்
வியாழக்கிழமை

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. நர்ஸ் படிப்பைப் பற்றி இரண்டு வரி, அணிலைப் பற்றி இரண்டு பக்கம். செத்துப்போயிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள் அப்பா என்று வேறு கேட்டிருக்கிறாய். ஏன் சாகவேண்டும்? கரண்டுக் கம்பி இழுக்க நம் பிளாக்குக்குப் பின்னால் மரம் வெட்டினபோது கூட்டோடு விழுந்த குஞ்சு, கண்கூடத் திறக்காதது, அதை எடுத்துத் துணியில் சுற்றி, லீவு முடிந்து பஸ் ஏறும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். என்னை நம்பிக் கொடுத்ததை நான் சாகவிடுவேனா? இருக்கிறது. இதை எழுதும்போது என் தோளில் உட்கார்ந்து காதைக் கடிக்கிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நீ போன மறுநாளே எல்லோரும் அதற்குக் காரியம் பண்ணிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் எட்டிப் பார்த்து, இது பொழுது விடியத் தாங்காது, எதுக்குப் பாவத்த சொமக்கறீங்க என்றாள். மைன்ஸில் ராயப்பன், அண்ணே புள்ளைக்கு இன்னா பேரு வெச்சீங்க என்று ஷிப்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான், கேங்கே சிரித்தது. சிரிக்கட்டும். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு பேர் சொன்னாயே, அதை நான் ராயப்பனிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. வீட்டில் அதற்கு அணில் என்றுதான் பேர்.

ஒரே ஒருநாள்தான் பயந்துபோனேன். நான் ஷிப்டு முடிந்து வருவதற்குள் அம்மா, பாவம், பசியில் கத்துகிறதே என்று காலை நீட்டி உட்கார்ந்து அணிலைக் கால்மேல் மல்லாக்கப் போட்டு, உனக்குப் புகட்டின அதே பால் சங்கை எடுத்துப் புகட்டிவிட்டாள். பால் மூக்கு வழியாக வந்து மூச்சு நின்ற மாதிரி ஆகிவிட்டது. நான் தலையைக் கீழே சாய்த்து மூக்கைத் துணியால் ஒற்றி எடுத்தேன், கொஞ்ச நேரம் கழித்துத் தும்மியது. அம்மா விடுவாளா, இந்தச் சங்குலதான ஒங்க மவளையும் வளத்தேன், அவ இன்னா செத்தா பூட்டா என்று ஒரே சண்டை. மனுஷப் பிள்ளை வேறு அணில் பிள்ளை வேறு என்று நானும் கத்தினேன். அன்றிலிருந்து நீ சொன்னபடிதான். லிக்னைட் கரித் தூசி போகச் சோப்புப் போட்டுக் கை கழுவி, உள்ளங்கையில் துணியோடு வைத்து முதலில் உடம்பைச் சூடாக்கி, குப்புறக் கிடக்கவைத்து, வெதுவெதுப்பான ஆட்டுப்பாலில் பஞ்சுத் திரி நனைத்து ஒவ்வொரு சொட்டாக. அது நக்கினால்தான் அடுத்த சொட்டு. மீசை வைத்த ஆம்பிளைக்கு இது தேவையா என்று கேட்கிறார்கள். தேவைதான்.

இப்போது கண் திறந்து, பல் முளைத்து, கண்டதையெல்லாம் கடிக்கிறது. அதனால் மெத்தென்ற ஆகாரம் ஆரம்பித்திருக்கிறேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கை நன்றாக வேகவைத்து நார் எடுத்து ஆட்டுப்பால் விட்டு மசித்து, குன்றிமணி அளவு முன்னால் வைத்துவிடுவேன். வாயில் திணிப்பதில்லை, அதுவாக வந்து எடுக்கவேண்டும். முதல் நாள் அதில் ஏறி நடந்ததே தவிரத் தின்னவில்லை, அம்மா சிரித்துவிட்டாள். பிறகு வாழைப்பழம், அது பழகின பிறகுதான் பப்பாளி. வயிறு இளகினால் புதுசை நிறுத்திவிட்டு வெறும் பால். மிச்சம் இருப்பதைப் புளிக்கவிடாமல் உடனே எடுத்துப் போட்டுவிடுகிறோம். இதில் உன் அம்மா இப்போது என்னைவிடக் கெடுபிடி.

இந்தச் சமயத்தில்தான் உன் மாமா தெய்வசிகாமணி காடாம்புலியூரிலிருந்து பருவம் தப்பிப் பழுத்த ஒரு பலாப்பழமும் ஒரு பை முந்திரியும் எடுத்துக்கொண்டு வந்தார். எதற்கு வந்தார் என்று உனக்கே தெரியும், தன் மகன் பழனிவேலுக்கு உன்னை முடிக்கவேண்டும், தை மாதமே வேண்டும். பேசிக்கொண்டே ஒரு முழு முந்திரியை அணில் வாய்க்குள் தள்ளப் போனார், நான் கையைப் பிடித்துவிட்டேன். அணிலுக்கு முந்திரி தெரியாதா மாப்ள, எங்க தோப்புல வந்து பாரு என்றார். தோப்பில் இருப்பது வளர்ந்த அணில், இது நேற்றுப் பல் முளைத்தது, தொண்டையில் அடைத்தால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஒரு அணிலுக்கு இத்தினி சட்டம் பேசற, வயசுக்கு வந்த பொண்ணத் தன்னந்தனியா டில்லியில வுட்டுட்டு உக்காந்துகினு இருக்கியே என்றார். அவள் படிப்பை முடிக்காமல் வரமாட்டாள், நான் கூப்பிடவும் மாட்டேன் என்றேன். அதற்கு அவர் சொன்ன யோசனையைக் கேள். தாய்க்கு சீரியஸ் என்று ஒரு தந்தி கொடுத்தால் தானாக ஓடிவருவாளாம், வந்த கையோடு தாலி கட்டிவிடலாமாம்.

எனக்கு முன்னால் உன் அம்மா எழுந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், ஏண்ணா, நான் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு இருக்கசொல்ல என்ன எதுக்கு இப்பவே சாவடிக்கற என்று கேட்டாள் பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். நீங்க குடுக்காட்டி இன்னா, பண்ருட்டி தபாலாபீசு தொறந்துதான் இருக்குது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். செய்யக்கூடிய ஆள்தான்.

ஆகவே கவனமாகக் கேள். தாய்க்கு சீரியஸ் என்று தந்தி வந்தால் கிழித்துப் போட்டுவிட்டு டூட்டிக்குப் போ. என் பேர் போட்டிருந்தாலும் நம்பாதே, என் பேர் ஊருக்கே தெரியும். உண்மையிலேயே உன்னைக் கூப்பிடும்படி ஆகிவிட்டால் நான் கொடுக்கும் தந்தியில் அணிலின் பேர் இருக்கும். அதை இந்தக் கடிதத்திலும் எழுதப்போவதில்லை. அந்தப் பேர் இல்லாமல் வந்தால் நீ அங்கேயே இரு, யார் அழுதாலும் சரி.

வாரம் ஒருதரம் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், ஸ்வெட்டர் போடாமல் நைட் டூட்டிக்குப் போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். எடுத்த படிப்பை முடித்து வெள்ளை உடுப்போடு நீ வந்து இறங்கவேண்டும், அதுவரை உனக்கு ஒரு குறையும் வராது. சன்னலைத் திறந்தேதான் வைத்திருக்கிறோம், அணில் வெளியே போகிறது, பசித்தால் வருகிறது.

இப்படிக்கு
உன் அப்பா
பன்னீர்செல்வம்