கோல் என்று கத்தியவருக்கு

ஷ்கோதர், அல்பேனியா,
1983 ஆகஸ்ட், கடைசி வாரம்

அன்புள்ள லாஸர்,

நானும் நம் மகளும் உங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் அக்கா மாரா கொண்டுவரும் கம்பளிப் பனியனின் மடிப்புக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். படித்ததும் மென்று விழுங்கிவிடுங்கள். அங்கே ஊற்றும் கஞ்சியைவிட மோசமாக இருக்காது.

இந்த முறை நான் ஏன் வரவில்லை என்று மாராவைக் குடையாதீர்கள். அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. நீங்கள் கத்த, அவள் பதிலுக்குக் கத்த, காவலாளி உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொள்வான். விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் உங்களை விவாகரத்து செய்துவிட்டேன்.

உட்கார்ந்து படியுங்கள். கூடிய சீக்கிரம் முகாம் அதிகாரி உங்களைக் கூப்பிட்டு அந்தத் தாளைப் படித்துக் காட்டுவான். அதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டுமே என்றுதான் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. உங்களோடு சுரங்கத்தில் வேலை செய்த அந்தக் கணக்கு வாத்தியார், பெண்டாட்டியிடமிருந்து இப்படி ஒரு தாள் வந்த அன்றே முள்வேலியை நோக்கி நடந்துபோனார், காவல் கோபுரத்திலிருந்து சுட்டுவிட்டார்கள் என்று போன தடவை கட்டிப்பிடிக்கும் சாக்கில் நீங்கள்தானே என் காதில் சொன்னீர்கள். அதை ஏன் சொல்லித் தொலைத்தீர்கள்? அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பி வரவில்லை.

கோபத்தையும் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை எழுத முடியாது. ஒரு பந்து வலைக்குள் போனதற்கு எட்டு வருஷம் ஜெயில் வாங்கியவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். தகர டப்பாவை வெட்டிக் கம்பி சுற்றி ஏரியல் செய்து, பார்க்கக் கூடாத இத்தாலி டிவியைப் பிடித்ததை நான் குற்றம் சொல்லவில்லை. இந்தத் தெருவில் யார்தான் பிடிக்கவில்லை? ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, சத்தத்தை அடியோடு குறைத்து, வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள். நம் நாட்டு டிவியில் குரோமியத் தொழிலாளர் மாநாடு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், தெருக்கோடி வரை கேட்கும்படி நீங்கள் ‘கோல்’ என்று கத்தினீர்கள். மாநாட்டில் எந்தத் தோழர் கோல் போட்டார் என்று விசாரணை அதிகாரி கேட்டானாமே. அவனுக்குக் கிண்டல் தெரிந்திருக்கிறது, இரக்கம்தான் தெரியவில்லை.

போலீஸுக்கு எழுதிக் கொடுத்தது எதிர் வீட்டு ஹாய்ரியே என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நீங்கள் கத்தியபோதே அவள் வீட்டுக்காரர் ‘ஐயோ’ என்று முனகியது எனக்குக் கேட்டது. அவரும் அதே ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மற்ற அணியின் ஆள். இப்போது நம் வீட்டுக்குக் காபி குடிக்க வருகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுகிறார்கள். யார் சொல்லி அவள் வருகிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ரேஷன் காபியைத் தீர்த்துவிடுகிறாளே என்று வறுத்த பார்லியை அரைத்துக் கலந்துவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாள்.

சரி, விவாகரத்துக்கு வருகிறேன். நம் ஸானா எட்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். மேலே படிக்க வேண்டுமானால் பேட்டைக் கட்சிக் குழுவின் சம்மதம் வேண்டும். குழுத் தலைவர் ருஸ்தெம் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “இதப் பாரு தோழர் டீலா, மக்கள் விரோதியோட பெண்டாட்டியா இருந்தா உன் பொண்ணு பண்ணையில மண்வெட்டிதான் பிடிக்கணும். ஒரு கையெழுத்துப் போடு, பேனா பிடிக்கட்டும்” என்றார். உங்கள் தம்பியும் போடச் சொல்லி ஆள் அனுப்பினான். அவன் நேரில் வரவில்லை, வந்தால் அவன் வேலை போய்விடுமாம்.

எல்லாரையும் பொறுத்துக்கொண்டேன். நீங்களும் அதையே எழுதினீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘என்னை விட்டுவிடு, உனக்கு இன்னும் வயதிருக்கிறது, நல்லவன் ஒருவனைப் பார்த்துக்கொள்.’ யாரைப் பார்க்க? ருஸ்தெமையா? பெரிய தியாகி மாதிரி எழுதிவிட்டீர்கள். இருபது வருஷம் உங்களோடு குப்பை கொட்டியவளுக்கு எழுதுகிற எழுத்தா அது? எதிரே இருந்திருந்தால் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். ஸானாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு வழி தெரியவில்லை. அவரோடு வாழ விருப்பமில்லை என்று வாய்விட்டுச் சொல் என்றார் நீதிபதி. சொன்னேன். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல் என்றார். சத்தமாகவும் சொன்னேன். பிறகு வெளியே வந்து சுவரோரமாக நின்று வாந்தி எடுத்தேன்.

ஸானா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பள்ளியில் இடம் கொடுத்தார்கள், அதுவும் அரைகுறையாக. அவள் கேட்டது நர்ஸ் படிப்பு, கிடைத்தது கால்நடைப் படிப்பு. அதோடு விட்டார்களா? உன் பேரோடு ஒட்டியிருக்கும் அப்பா குடும்பப் பேரை எடுத்துவிட்டு அம்மா குடும்பப் பேரைப் போட்டுக்கொள் என்றார் ருஸ்தெம். இவள் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: “மாட்டுக்கு ஊசி போடச் சொல்றீங்க, போடறேன். எங்கப்பா பேர மட்டும் எடுக்க மாட்டேன்.” நல்லவேளை, மாட்டுப் படிப்புக்கு வேறு பிள்ளைகள் வரவில்லையாம், மனிதர் முறைத்துவிட்டு முத்திரை குத்தினார். உங்கள் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, இந்த வீட்டில் அது ஒன்று போதாதா? அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் இனி உங்களுக்குச் சொந்தக்காரி இல்லை, அதனால் உள்ளே விட மாட்டார்கள். உடன்பிறந்தவள் என்ற முறையில் மாரா வருவாள். ஆனால் அவளைத் தனியாக அனுப்ப முடியுமா? பஸ் ஹாரன் அடித்தால்கூடக் கேட்காதவள். கேட் வரைக்கும் ஒருத்தி கூட்டி வரத்தானே வேண்டும்? அந்த ஒருத்தி நான்தான். காது கேட்காத பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வரக் கூடாது என்று இன்னும் சட்டம் போடவில்லை. பொட்டலம் கட்டுவதும் நான்தான். புகையிலை, சர்க்கரை, வெங்காயம், பன்றிக் கொழுப்பு எல்லாம் இருக்கும். கொழுப்பை அடுத்தவனுக்குத் தானம் செய்யாமல் நீங்களே தின்னுங்கள். மாரா உள்ளே இருக்கும் நேரமெல்லாம் நான் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். பார்க்க முடியாது, தெரியும். இருந்தாலும் இருப்பேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தகராறு வேண்டாம். விடுதலையான அன்று, பழைய புருஷன்தானே என்ற உரிமையில் வந்து கதவைத் தட்டினால் திறக்க மாட்டேன். சட்டப்படி நீங்கள் எனக்கு யாரோ. முகத்தைச் சவரம் செய்துகொண்டு, ஒரு கௌரவமான மனிதரைத் தரகராக முன்னால் அனுப்பி, முறைப்படி என்னைப் பெண் கேளுங்கள். உடனே சரி என்று சொல்லிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். நன்றாக யோசித்துத்தான் சொல்வேன்.

பெண் கேட்க மாப்பிள்ளை முழு ஆளாக வந்து நிற்க வேண்டும், லாஸர். அந்தத் தாளைப் படிக்கும்போது தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு நேராக உங்கள் படுக்கைக்குப் போங்கள். வேலிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்போதைக்கு யாருக்கும் மனைவியில்லாத,
டீலா