தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை

அன்புள்ள தங்கைக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உன் சட்டம் நிறைவேறிய நாளுக்குப் பிறகு உன்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் அக்கா வழியாகத்தான். "அவகிட்ட சொல்லு" என்று நானும், "அவன்கிட்ட சொல்லு" என்று நீயும் சொல்லிச் சொல்லி, போன மாதம் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நான் என்ன தபால் பெட்டியா? ரெண்டு பேரும் ஸ்டாம்ப் ஒட்டிப் போடுங்க" என்றாள். ஒட்டிவிட்டேன்.

நான் நலம். ரத்த அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது. கோபத்தைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அக்காவும் நலம், கால்களைத் தவிர. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், வருகிறேன். உன் தொண்டை எப்படி இருக்கிறது? டிவியில் பார்த்தபோது குரல் கம்மியிருந்தது. சுடுதண்ணீர் குடி. சின்ன வயதில் மாத்திரையை விழுங்கியதாகச் சொல்லிவிட்டு அடுப்படி டிராயரில் ஒளித்துவைப்பாயே, அதை இப்போதும் செய்யாதே.

நான் போனில் பேசியிருக்கலாம். உன் உதவியாளர் எடுப்பார், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்பார், எனக்குப் பழைய கோபமெல்லாம் கிளம்பிவிடும். நீயே எடுத்தாலும் சண்டை வரும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நம் வீட்டில் எனக்கு அந்த வசதி கிடைப்பது இதுவே முதல் முறை.

நான் இன்னும் அவையின் சட்டப் பிரிவில் மசோதா எழுதும் மேசையில் இருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. ஒரு வரி மசோதாவில் வரிக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்தைச் செருகச் சொன்னார்கள். அது முறையல்ல என்று குறிப்பு எழுதினேன். குறிப்பு மிக நன்றாக எழுதப்பட்டிருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு என்னைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். என் நாற்காலியில் இப்போது எனக்கு ஜூனியராக இருந்தவன் இருக்கிறான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் 'ஆமாம் சார்'. அவனுக்கு நான் இலக்கணம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 'இல்லை' என்ற சொல்லை மட்டும் சொல்லிக்கொடுக்க விட்டுப்போயிற்று.

கீழ்த்தளத்தில் என் வேலை, அவையில் நிறைவேறிய சட்டங்களுக்குப் பொருளடைவு தயாரிப்பது. எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் அடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும். அந்தக் கட்டடத்தில் சட்டத்தை முழுசாகப் படித்தே தீர வேண்டிய ஆள் நான்தான். ஒரே சங்கடம், என்னிடம் வரும்போது அது நிறைவேறி முடிந்திருக்கும்.

புதன்கிழமை அவையில் உங்களுக்கு வந்த வரி மசோதாவைச் சொல்கிறேன். காலையில் தலையணை கனத்தில் இரண்டு தொகுதிகள் வந்தன. அவை உங்கள் மேசைக்கு வந்தபோது நீ பிரித்தாவது பார்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். ஆனால் மாலையில் ஓட்டெடுப்புக்கு முன்னால் உதிரித் தாள்களாக ஒரு கட்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜெராக்ஸ் மெஷின் என் அறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தாள் சிக்கிச் சிக்கி ஓடியது. அதை இயக்குபவர் கட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலைக் கடக்கும்போது, "தொட்டுப் பாருங்க சார், எப்படிச் சுடுதுன்னு. இந்தச் சூடு ஆறுறதுக்குள்ள ஓட்டுப் போட்டு முடிச்சிருவாங்க" என்று சிரித்தார். அவர் சொன்னதுதான் நடந்தது.

மசோதாவின் தலைப்பில் 'மற்றும் இதர ஏற்பாடுகள்' என்று இருக்கும். நம் அடுப்படி டிராயர் மாதிரிதான் அது. பழைய சாவி, நூல்கண்டு, தீர்ந்துபோன பேட்டரி, உன் மாத்திரை, எல்லாம் கிடக்கும். இந்த மசோதாவிலும் சர்க்கரை மீதான வரிக்கு அடுத்த பக்கத்தில் பல் மருத்துவக் கழகத் தலைவரின் பதவிக்காலம் இருக்கிறது. வீட்டு வரிக்கும் சொத்து வரிக்கும் நடுவில் வளர்ப்பு நாய்களுக்கான உரிமம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இதையெல்லாம் அடுக்கிக்கொண்டு 'இ' எழுத்துக்கு வந்தேன். 'இயந்திரங்கள், தேய்மானம்' என்று எழுதினேன். அடுத்து 'இறக்குமதி' எழுதப் போகும்போது, உதிரித் தாள் ஒன்றில் ஒற்றை வரி கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது. 'இருக்கை, நீக்கம்.'

கடைப் பணியாளர் சட்டத்தில் இருக்கை பற்றிய பிரிவு நீக்கப்படும். அவ்வளவுதான் அந்த வரி. 'கடைகளுக்கான வரிக் கணக்கை எளிமையாக்குதல்' என்ற தலைப்பின்கீழ் அது இருந்தது. வரிக்கும் ஸ்டூலுக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உன் சட்டம் அது. நம் சட்டம் என்று எழுதத்தான் கை போகிறது. அக்கா துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து வாளிச் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீ அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசுவாய். நான் எழுதுவேன். 'பணியாளருக்கு இருக்கை வழங்கப்பட வேண்டும்' என்று எழுதி, பெருமையாக வாசித்துக் காட்டினேன். அக்கா என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? "வழங்கிட்டு ஸ்டோர் ரூம்ல அடுக்கி வெச்சுருவான்டா. கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்னு எழுது." அப்படியே எழுதினேன். நான் எழுதிய சட்டங்களிலேயே நல்ல சொற்றொடர் அது, அக்காவுடையது.

அது நிறைவேறிய அன்று நீ எல்லோருக்கும் நன்றி சொன்னாய். தலைவருக்கு, தொழிற்சங்கத்துக்கு, தட்டச்சு செய்த பெண்ணுக்கு. உன் கார் டிரைவருக்குக்கூடச் சொன்னாய். என் பெயர் மட்டும் வரவில்லை. அதற்கு முன்னால் உன் பதவியேற்புக்கு நீ அனுப்பிய அனுமதிச் சீட்டு வேறு. பார்வையாளர் மாடத்தில், தூணுக்குப் பின்னால். விழா முழுவதும் நான் பார்த்தது உன் இடது முழங்கையை மட்டும்தான். அது உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டது. நீ இடக்கைக்காரி என்பதால் அதையாவது பார்த்தேன். இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறான் என்று நினைக்காதே. சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல முடிகிறது.

நேற்று அக்காவின் கடையில் ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள். சட்டம் இன்னும் கையெழுத்தாகவில்லை, அமலுக்கும் வரவில்லை. ஆனால் கடைக்காரர் சங்கத்துக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. உங்களில் யாருக்கும் தெரிவதற்கு முன்பே தெரிந்திருக்கும். மேனேஜர் வந்து, "எல்லாரும் எந்திரிங்க, உங்க சட்டமெல்லாம் போயாச்சு" என்றாராம். நம் அக்கா விடுவாளா? "எங்க போச்சு? என் தங்கச்சி அங்கதான் உக்காந்திருக்கா, வேணும்னா போய்க் கேட்டுட்டு வா" என்றாளாம். ஸ்டூல்கள் எங்கே போயின என்று கேட்டேன். ஸ்டோர் ரூமுக்கு.

தன் ஸ்டூலுக்காக அவள் தைத்து வைத்திருந்த பூப்போட்ட குஷனை மட்டும் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள். நான் எழுதும் நாற்காலியில் அதைப் போட்டுவிட்டு, "நீயாவது உக்காரு" என்றாள். உட்கார மனம் வரவில்லை. மேசையில் எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் கணுக்காலுக்கு மேல் நரம்புகள் மறுபடி புடைத்திருக்கின்றன. ஒருநாள் நின்றதற்கே இப்படி. படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்த மேடையில் சாய்ந்து நின்றாளாம். சாயக் கூடாது என்று கேமராவைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் அவளுக்கு வருத்தமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஏதோ புரளிடா. பாப்பா போட்ட சட்டம் அது. அவ அங்க இருக்கிற வரைக்கும் எவன் அதுல கை வைப்பான்?" என்கிறாள். பக்கத்து கவுன்டர் பெண்களுக்கும் அவள்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புதன்கிழமை ஓட்டெடுப்பின் பதிவைப் பார்த்தேன். உன் பெயருக்கு நேராகப் பச்சை விளக்கு, ஆதரவு. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. நீ தெரிந்தே அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பாய் என்று ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. உன்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு, ஆனால் இந்தச் சந்தேகம் மட்டும் வரவே இல்லை. சூடு ஆறாத தாளை யார்தான் படிக்க முடியும்? கட்சிக் கொறடா கையை ஆட்டியிருப்பார், எல்லோரும் அழுத்தியிருப்பீர்கள்.

இனிமேல்தான் விஷயம். கவனமாகப் படி. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நேற்று இந்த வரியைக் கண்டுபிடித்து டிவியில் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தலாமே தவிர, அவையில் ஒன்றும் செய்ய முடியாது. நிறைவேறிய ஒன்றை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை, நம் அவை விதிப்படி, அதை ஆதரித்து ஓட்டுப் போட்டவருக்குத்தான் உண்டு. சிவப்பை அழுத்தியவர் கேட்டால் செல்லாது. அதையும் அடுத்த அமர்வு முடிவதற்குள் கேட்க வேண்டும். அடுத்த அமர்வு வியாழக்கிழமை. அதற்குப் பிறகு மசோதா கையெழுத்துக்குப் போய்விடும். இந்த விதி இருப்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. நான் சேர்ந்த காலத்திலிருந்து யாரும் அதைக் கையில் எடுத்ததில்லை. ஏனென்றால் எடுப்பவர் எழுந்து நின்று, 'நான் படிக்காமல் ஓட்டுப் போட்டேன்' என்று சொல்லியாக வேண்டும்.

உன் பச்சை விளக்கைப் பார்த்ததும் அந்தப் பதிவை மூடிவிட்டேன். பிறகு விதியைத் திருப்பிப் பார்த்தபோது, அந்த விளக்கை நினைத்து நிம்மதியாகவும் இருந்தது.

உனக்குத் துணை அமைச்சர் பதவி வரப்போவதாக 'ஆமாம் சார்' சொல்லிக்கொண்டு திரிகிறான். எழுந்து நின்றால் அது போய்விடும். கட்சியில் உன் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் யோசிப்பார்கள். சொந்தச் சட்டத்தைத் தானே கொன்றவள் என்று பத்திரிகையில் எழுதுவார்கள். இதை மறைத்து உன்னிடம் இனிக்கப் பேச எனக்குத் தெரியாது. நின்றாலும் தோற்கலாம். அந்த ஒரு வரியை மட்டும் தனியாகப் பிரித்து ஓட்டுக்கு விடக் கேள். மசோதா முழுவதையும் தொடாதே. தனியாக வந்தால், அக்கா மாதிரி யாராவது ஒருத்தி உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள் உன் கட்சியிலும் இருப்பார்கள்.

என்ன பேச வேண்டும் என்று இந்த முறை எழுதித் தரமாட்டேன். பழி வாங்குவதாக நினைக்காதே. நீ எழுதிவைத்து வாசித்தால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருக்கும். நடந்துகொண்டே பேசும்போதுதான் உனக்கு வார்த்தை வரும். அங்கே நடக்க இடமில்லை என்பதால், பேசும் முன்பு தண்ணீர் குடி. பிரிவின் எண்ணும் விதியின் எண்ணும் தனித்தாளில் இருக்கின்றன. அதை மட்டும் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்டால், மொட்டைக் கடிதம் வந்தது என்று சொல். பொய்யாகாது.

நீ நிற்காவிட்டாலும் அக்காவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவளாகத் தெரிந்துகொள்ளும் நாளில் மட்டும் நான் இந்த வீட்டில் இருக்க விரும்பவில்லை. இது மிரட்டல் இல்லை பாப்பா. கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை மாடத்தில் இடம் கேட்டிருக்கிறேன். ஊழியர்களுக்கு மிச்சம் இருப்பது அந்தத் தூணுக்குப் பின்னால்தான். பரவாயில்லை. பேச அனுமதி கேட்க நீ எந்தக் கையைத் தூக்குவாய் என்று எனக்குத் தெரியும். அந்த முழங்கை உயர்ந்தால் போதும், மற்றதைக் காதால் கேட்டுக்கொள்வேன்.

நன்றாக இரு. தொண்டையைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா உனக்கும் சேர்த்தே சமைக்கிறாள், ஒருநாள் வந்து சாப்பிடு. நானும் இருப்பேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கீழே பெயர் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். அன்று ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அக்காவை விட்டுக் கேட்டபோது, "அண்ணன் வேலைக்கு ஆபத்து வந்துரும்க்கா" என்று நீ சொல்லியனுப்பினாய். அந்தக் காரணத்தை இன்றுவரை நான் முழுசாக நம்பவில்லை. ஆனால் வியாழக்கிழமை நீ பேசப்போவது நீயே கண்டுபிடித்ததாக, நீயே முடிவெடுத்ததாக இருக்கட்டும். என் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நாட்டில் அண்ணன்களுக்கா பஞ்சம்? பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.