வடிந்த தண்ணீர் திரும்பும்

என் ஆசை அண்ணனுக்கு,

வளப்பூரில் இப்போது விடிகாலைப் பனி ஏறிக்கொண்டிருக்கிறது. பள்ளத்து மரவள்ளிக் காடு முழுகி, மிளகுக்கொடி முழுகி, நம் வீட்டு வாசல் வரைக்கும் வெள்ளையாக வந்து நிற்கிறது. உங்கள் லாரி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம் அதற்குள் கேட்கிற மாதிரியே இருக்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? கடலடியில் பெரிய பூகம்பம் வந்தால் எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறும், எப்போது அடங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறேன். மலையில் பிறந்தவளுக்குக் கடல் கணக்கா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

நாலு வருஷம் முன்னால் வாழைத்தார் இறக்கிவிட்டு, கருவாடு ஏற்றத் துறைமுகத்தில் நின்றீர்கள். கடல் உள்ளே வந்ததும் ஓடி மேடேறித் தப்பித்து, அங்கிருந்த பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தீர்கள்.

"தண்ணி வந்துட்டு வடிஞ்சிருச்சு கண்ணு. வண்டி அங்கயே நிக்குது. போய் எடுத்துட்டு வாரேன்."

நம் மலையில் காட்டாறு ஒருமுறை புரண்டு வடிந்தால் தாண்டிவிடலாம். நமக்குத் தெரிந்த வெள்ளம் அவ்வளவுதான். அதை நம்பித்தான் நானும், "சரிங்கண்ணா, எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அந்தத் துறைமுகத்தைத் திரையில் எத்தனையோ முறை ஓடவிட்டேன். நீலம் மெல்ல வரும், மெல்லப் போகும். ஆனால் துறைமுகத்தின் குறுகிய வாய்வழியே நுழைந்த தண்ணீர் உள்ளேயே மோதி ஆடிக்கொண்டிருக்கிறது. அடுத்த அலையும் அதோடு சேர்கிறது. மூன்றாவதுதான் பெரிது அண்ணா. உங்கள் வண்டி நின்ற இடத்தில் திரைமேல் ஒரு மிளகை ஒட்டி வைத்திருக்கிறேன். இந்தத் தடவையாவது நீலம் அதைத் தொடாமல் நின்றுவிடாதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பைத்தியக்காரிதான்.

போன வாரம் அதே துறைமுகத்தில் கூட்டம். கடல் ஏறினால் அரை நாளுக்கு யாரையும் கரைக்குத் திரும்ப விடக்கூடாது என்று சொல்லப் போயிருந்தேன். "முதல் அலை போனதும் படகைப் பார்க்க விட்டுடலாமே, எதுக்கு அரை நாள் காக்க வைக்கணும்?" என்று ஓர் அதிகாரி கேட்டார். படகுக்காரர்களும் தலையாட்டினார்கள். வரைபடத்தைச் சுருட்டிவிட்டு உங்கள் போனைப் பற்றிச் சொன்னேன். என் பதிலையும் சொன்னேன். அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

பிறகு வயதான படகுக்காரர் ஒருவர், "அரை நாள் போதுமாம்மா?" என்று கேட்டார்.

இனி அந்தக் கரையில் யார் கேட்டாலும், அன்றைக்கு உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் சொல்வேன்: "வண்டி கெடக்கட்டுங்கண்ணா. நீங்க வாங்க."

அன்று 'சரி' சொன்ன
உங்கள் தங்கச்சி