கால் நொடி, மூன்று நொடி

திங்கள்
காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. சேலத்திலிருந்து திருச்செங்கோடு வரை பஸ்ஸில் நின்றபடி. பட்டறையில் முதலாளி கையில் புது ரிமோட். பிறந்தநாள் பிள்ளை மாதிரி முகம்.

நான் கேட்ட ரேடியோ இது இல்லை. வீட்டு வைஃபை சாமான். போர்வெல் ரிக் லாரியில் கனத்த ராடைத் தூக்கி நிறுத்தும் இரும்புக் கைக்கு இதுவா கட்டளை சொல்லும்?

"எங்கூட்டுல மூணு மாடிக்கும் படம் ஓடுதுங்க. இது இருவதடிதானுங்களே?"

"படம் நின்னா பரவால்ல சார். கை நிக்காம போனா?"

"நீங்க ரொம்பப் படிச்சுப்போட்டீங்க."

சிரித்தார். பல்லில் பாக்கு.

வாங்க: கொத்தமல்லி, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

செவ்வாய்
யார்டில் சோதனை. லாரியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதியது நான். ரிமோட்டிலிருந்து கால் நொடி சிக்னல் வராவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். ஒன்பது தடவை நின்றது. நிற்கத்தான் செய்யும். சிக்னலை மறிக்க நடுவில் ரிக்கின் இரும்புக் கோபுரம், குழப்பச் சுற்றிலும் ஆளுக்கொரு செல்போன். ஆன்டெனாவை கேபின் உச்சிக்கு ஏற்ற வேண்டும். கேபிள் வியாழன்தான் வரும்.

பிரபு என் உதவிப் பொறியாளன். முதலாளி இருமினாலும் "சரிங்க சார்" என்பான். இன்று என்னிடமே: "சும்மா சும்மா நின்னா பார்ட்டி வாங்க மாட்டாங்க மேடம்."

ட்ரில்லர் செங்கோடன், இருபது வருஷமாகத் துளை போடுகிறவர், ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, நடுவால எதாச்சும் வந்தா இதுக்குக் காது கேக்குமுங்களா?" எல்லாருக்கும் பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை. "கேக்கும், போங்க" என்றேன்.

நாளை ராசிபுரம் பக்கம் டெமோவாம். கேபிள் வரட்டும் என்றேன். முதலாளி கேட்கவில்லை. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் லாக்கை எடுத்து அனுப்பச் சொல்லி பிரபுவிடம் என் பாஸ்வேர்டைக் கொடுத்தாயிற்று. இந்தக் கூட்டத்தோடு வெயிலில் நிற்க என்ன தலையெழுத்து.

புதன்
மூன்று மணிக்கு பிரபு போன். அழுகை. "நிக்கல மேடம். நிக்கவே இல்ல மேடம்."

ஒரு மரவள்ளிக் காட்டில் டெமோ. ரிமோட் முதலாளி கையில், பார்ட்டிக்குக் காட்ட. கம்ப்ரஸர் லாரி பின்னால் வந்து ரிமோட்டுக்கும் ரிக்குக்கும் நடுவில் நின்றிருக்கிறது. சிக்னல் போனது. கை நிற்கவில்லை. துளைக்குப் பக்கத்தில் செங்கோடன். இடது மணிக்கட்டு நசுங்கிவிட்டது.

என் நிரல் கையை நிறுத்தியிருக்க வேண்டும். நூறு தடவை சோதித்தது.

வியாழன்
லாக் பார்த்தேன். நேற்றுக் காலை கால் நொடியை மூன்று நொடியாக மாற்றியிருக்கிறார்கள். மூன்று நொடியில் அந்தக் கை ஓர் ஆள் உயரம் போகும். மாற்றியவர் பெயர்: என் பெயர்.

பிரபு தரையைப் பார்த்தான். "சார்தான் சொன்னாருங்க."

மதியம் முதலாளி ஒரு காகிதம் நீட்டினார். ட்ரில்லரின் கவனக்குறைவு என்று டைப் அடித்தது. "ஒரு கையெழுத்துங்க. செங்கோடனுக்கு வேண்டியத நான் பாத்துக்கறேன்." மேலே விநாயகர் படம், ஊதுபத்தி. ஏற்றியதும் அவர் கைதான்.

முகத்துக்கு நேரே கிழித்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தூ.

வெள்ளி
வேலைக்குப் போகவில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரி. செங்கோடன் கை தோள் வரை கட்டு. அவர் மனைவி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கிறிஸ்துவச்சி. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லிப் பழக்கம்தான். ஆனாலும் கட்டில் காலைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"பாஸ்வேர்டக் குடுத்தது நாந்தாங்க."

"அப்படின்னா?"

"சாவி மாதிரி."

வலது கையால் இட்லியை விலக்கினார். கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "சாவியக் குடுத்துப்போட்டு நீங்க ஏனுங் அம்மிணி வரலீங்க?"

உங்களை எல்லாம் மட்டமாக நினைத்தேன் என்று எப்படிச் சொல்ல? அந்தம்மா எனக்கும் ஒரு இட்லி வைத்தார். தின்றேன்.

சனி
வானம் மூட்டம், மழை இல்லை. விடிந்ததும் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். மாற்றச் சொன்னது முதலாளி. மாற்றியது பிரபு. பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வராமல் இருந்தது நான். மூன்று பெயரும் முழுதாக. வாங்க இருந்த பார்ட்டிக்கும் ஒரு காப்பி அனுப்பியாயிற்று.

யார்டில் இன்னொரு ரிக், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் இதே வைஃபை பெட்டியோடு. இன்று குமாரபாளையம் கிளம்ப வேண்டியது. ஏணி போட்டு ஏறினேன். ஆறு போல்ட். நாலாவதில் முதலாளி கார் உள்ளே வந்தது. கீழே நின்று கத்தினார். மீதி இரண்டையும் கழற்றினேன். பிரபு ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

பெட்டியையும் அறிக்கையையும் முதலாளி மேசைமேல் வைத்தேன்.

"இனி நீங்க வர வேண்டாமுங்க."

வேலையை விட்டு அனுப்பும்போதும் அந்த 'ங்க' மட்டும் குறையவில்லை.

ரிக் கிளம்பவில்லை. நாளை செங்கோடனுக்கு இரண்டாவது ஆபரேஷன். விரல் அசையுமா என்று அதற்குப் பிறகுதான் தெரியுமாம். எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். ஆறரை பஸ்.